ஆப்பிளும் நிலவும்

கையை விட்டு நழுவிய பொருள் தரையில் விழும் என்பதை எவரும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்வதில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை, கிலுகிலுப்பையை எறிந்து எறிந்து அந்தப் பாடத்தைத் தானே படித்துவிடுகிறது. ஆனால் அதே குழந்தை சற்று வளர்ந்து, தாயின் இடுப்பில் அமர்ந்து நிலவைப் பார்க்கும்போது, அது ஏன் விழவில்லை என்று கேட்பதில்லை. பெரியவர்களும் நெடுங்காலம் கேட்கவில்லை. மண்ணுக்கு ஒரு நியதி, விண்ணுக்கு வேறொரு நியதி என்று கொண்டுவிட்டால் கேள்விக்கே இடமில்லாமற் போய்விடுகிறதல்லவா? அந்தக் கேள்வி எழுந்த வகையையும், அதற்கு விடை பிறந்த வரலாற்றையும் நேயர்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

இதில் நம் நாட்டம் சென்றதற்குக் காரணம் நம்முடைய பிழை ஒன்றுதான். நாம் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர். கலைப் பட்டதாரி. பௌதிகத்தைப் பள்ளிப்படிப்போடு கைகழுவி விட்டவர். சில ஆண்டுகளுக்கு முன், விண்வெளி நிலையத்தில் மிதந்துகொண்டிருந்த வீரர்களைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்று நம் மேசைக்கு வந்தது. அதில் கண்ட ஒரு தொடரை, ‘பூமியின் ஈர்ப்பு எட்டாத உயரத்திலே’ என்று தமிழாக்கி அனுப்பினோம். சொற்கள் நன்றாக அமைந்துவிட்டன என்று நமக்கே ஒரு மகிழ்ச்சி. பத்து நாள் சென்றபின், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. அதில் வசை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ‘ஐயா, ஈர்ப்பு எட்டாவிட்டால், அந்த நிலையத்தைப் பூமியைச் சுற்றி வரச் செய்வது எது?’

நமக்கு விடை தெரியவில்லை. தெரியாமலேயே எழுதிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. அந்த விடையைத் தேடிப் புறப்பட்டபோது, அது நானூறு ஆண்டு வரலாறாக நீண்டது.

வானத்துப் பொருள்கள் யாவும் வட்டத்திலேயே செல்லும் என்பது கிரேக்கர் காலத்திலிருந்து ஐரோப்பாவில் வேரூன்றியிருந்த கொள்கை. வட்டம் குறையற்ற வடிவம். வானம் குறையற்ற இடம். ஆகவே வானத்து இயக்கமும் வட்டமே என்றார்கள். 1543-இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்துப் பூமியை அதைச் சுற்றி ஓடவிட்டார். அவராலும் வட்டத்தை விடமுடியவில்லை.

வட்டத்தை உடைத்தவர் யோஹானஸ் கெப்ளர். அதற்குக் கருவியானவை டைகோ பிராஹி என்ற டென்மார்க் நாட்டு அறிஞரின் கணிப்புக்கள். தொலைநோக்காடி தோன்றாத காலத்தில், வெறுங்கண்ணையும் பெரிய கோணமானிகளையும் கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரகங்களின் நிலையை அளந்து வைத்தவர் டைகோ. 1600-இல் கெப்ளர் பிராகு நகர் சென்று அவரிடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டே டைகோ காலமானார். செவ்வாய்க் கிரகத்தின் பாதையைக் கண்டறியும் பொறுப்பு கெப்ளரிடம் வந்து நின்றது.

கெப்ளர் பல ஆண்டுகள் கணக்கிட்டு ஒரு வட்டப்பாதையை அமைத்தார். டைகோவின் அளவைகளோடு அது ஏறக்குறையப் பொருந்தியது. ஆனால் சில இடங்களில் 8 கலை வேறுபட்டது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை. அதில் கால் பங்குதான் இந்த 8 கலை. வேறொருவராயின், பழைய அளவைகளில் இவ்வளவு பிழை இருக்கக்கூடியதே என்று கணக்கை முடித்துக்கொண்டிருப்பார். கெப்ளர் அவ்வாறு செய்யவில்லை. டைகோ 8 கலை பிழை செய்யக்கூடியவர் அல்லர் என்று நம்பினார். தம் உழைப்பையே தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கினார். அதன் பயன் 1609-இல் வெளிவந்தது. செவ்வாய் செல்லும் பாதை நீள்வட்டம்; அதன் குவியங்களில் ஒன்றிலே சூரியன் இருக்கிறது; சூரியனை அணுகும்போது கிரகம் விரைகிறது, விலகும்போது தளர்கிறது. பிறகு 1619-இல் இன்னொரு விதியையும் வெளியிட்டார். கிரகத்தின் சராசரித் தொலைவைத் தன்னால் மும்முறை பெருக்கினால் வருவதும், அது ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் காலத்தைத் தன்னால் இருமுறை பெருக்கினால் வருவதும், எல்லாக் கிரகங்களுக்கும் ஒரே விகிதத்தில் நிற்கும் என்பது அது. இந்த விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நமக்கு அது பயன்படும்.

கிரகங்கள் எவ்வாறு செல்கின்றன என்று கெப்ளர் சொன்னார். ஏன் அவ்வாறு செல்கின்றன என்பதற்கு, சூரியனிலிருந்து ஏதோ ஒரு சக்தி புறப்பட்டு அவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதற்கு மேல் அவரால் சொல்ல இயலவில்லை. அதே காலத்தில் இத்தாலியில் கலீலியோ மண்ணுலகத்துப் பொருள்கள் விழும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். எறியப்பட்ட கல் இரண்டு காரியங்களை ஒருங்கே செய்கிறது என்று அவர் கண்டார். முன்னோக்கிச் செல்வது ஒன்று, கீழ்நோக்கி விழுவது மற்றொன்று. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. 1638-இல் வெளிவந்த அவருடைய நூலில் இது விளக்கப்பட்டது. ஆக, கெப்ளரிடம் விண் இருந்தது. கலீலியோவிடம் மண் இருந்தது. இரண்டையும் இணைப்பார் இல்லை.

இணைத்தவர் ஐசக் நியூட்டன். 1665-இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் பரவியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. இருபத்திரண்டு வயது நிரம்பிய நியூட்டன், உல்ஸ்தோர்ப் என்ற சிற்றூரிலிருந்த தம் வீட்டுக்குத் திரும்பினார். அங்கே ஆப்பிள் விழுந்த கதை எல்லாரும் அறிந்ததே. அது தலையில் விழுந்ததென்பது பிற்காலத்தார் கைச்சரக்கு. ஆனால் தோட்டத்தில் ஆப்பிள் விழக் கண்டு தாம் சிந்திக்கத் தொடங்கியதாக, 1726-இல், முதுமைப் பருவத்தில், நியூட்டனே தம் நண்பர் ஸ்டூக்லியிடம் கூறியிருக்கிறார். ஆப்பிள் ஏன் விழுகிறது என்பதன்று அந்தச் சிந்தனை. மரத்தின் உச்சிவரை எட்டும் இந்த ஈர்ப்பு, மலையின் உச்சிவரையும் எட்டுகிறது. அதற்கு மேல் எங்கே நின்றுவிடுகிறது? நிலவு வரைக்கும் எட்டினால் என்ன? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

கேட்டவர் அளந்தும் பார்த்தார். பூமியின் மையத்திலிருந்து அதன் மேற்பரப்பு எவ்வளவு தொலைவோ, அதைப்போல் 60 மடங்கு தொலைவில் நிலவு இருக்கிறது. தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகவும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறையும் என்று கொள்வோம். அப்படியாயின் 60 மடங்குத் தொலைவில் அது 3,600-இல் ஒரு பங்காக இருக்கவேண்டும். மரத்திலிருந்து நழுவிய ஆப்பிள் முதல் விநாடியில் ஏறக்குறைய 4.9 மீட்டர் விழுகிறது. நிலவோ ஒரு விநாடியில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் முன்னே செல்கிறது. அவ்வாறு செல்லும்போது நேர்கோட்டிலிருந்து பூமியை நோக்கி 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளைகிறது. 4.9 மீட்டரில் 3,600-இல் ஒரு பங்கு அதுவே. ஆப்பிள் ஒரு விநாடியில் விழும் ஆழத்தை நிலவு ஒரு நிமிடத்தில் விழுகிறது என்றும் இதைச் சொல்லலாம்.

ஆம், நிலவு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தையின் கேள்விக்கு விடை அதுதான். அது ஒவ்வொரு கணமும் விழுகிறது; ஆனால் விழுந்த அளவுக்குப் பக்கவாட்டிலும் சென்றுவிடுகிறது. ஆகையால் பூமியை அணுகாமலும் அகலாமலும் வளைய வருகிறது.

இளமையில் நியூட்டன் இதைக் கணக்கிட்டபோது அவர் கையிலிருந்த பூமியின் அளவு சற்றுக் குறைவானது. ஆகவே கணக்கு ஓரளவே பொருந்தியது. பெரிய உருண்டை ஒன்று, தன் பொருண்மை முழுவதும் மையத்திலே குவிந்திருந்தாற்போல் ஈர்க்கும் என்பதற்கும் அப்போது அவரிடம் நிரூபணம் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகம் அதை அறியவில்லை.

அதை வெளியே கொணர்ந்த பெருமை எட்மண்ட் ஹாலி என்பவரைச் சாரும். 1684 ஜனவரியில் லண்டனில் ஹாலியும், ராபர்ட் ஹூக்கும், கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் கூடிப் பேசினார்கள். தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும் ஈர்ப்பினால் கிரகத்தின் பாதை எவ்வடிவம் பெறும் என்பது அவர்கள் பேச்சு. நிரூபணம் தம்மிடம் இருக்கிறது என்றார் ஹூக், காட்டவில்லை. இரண்டு மாதத்துக்குள் நிரூபிப்பவருக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நூலொன்று பரிசு என்றார் ரென். பரிசு பெறுவார் இல்லை. ஆகஸ்டு மாதம் ஹாலி கேம்பிரிட்ஜ் சென்று நியூட்டனிடமே கேட்டார். ‘நீள்வட்டம்’ என்று தயங்காமல் விடை வந்தது. எப்படித் தெரியும் என்றால், கணக்கிட்டிருக்கிறேன் என்றார். தாளைத் தேடினார், கிடைக்கவில்லை. மறுபடியும் எழுதி அனுப்புவதாக வாக்களித்தார். நவம்பரில் ஒன்பது பக்கக் கட்டுரை வந்தது. அந்த ஒன்பது பக்கமே வளர்ந்து, 1687-இல் ‘பிரின்சிபியா’ என்ற பெருநூல் ஆயிற்று.

நூல் அச்சேறியதிலும் ஒரு கதை உண்டு. ராயல் சொசைட்டி அதற்குச் சற்றுமுன் மீன்களைப் பற்றிய பெரியதொரு நூலை வெளியிட்டுக் கையிருப்பைக் கரைத்திருந்தது. ஆகவே அச்சுச் செலவை ஹாலி தம் சொந்தப் பணத்திலிருந்து ஏற்றார். அவருக்கு வரவேண்டிய சம்பளத்துக்கு ஈடாகவும் விற்காத மீன் நூலின் பிரதிகளையே கொடுத்தார்கள். இதற்கிடையில், இருமடி விதி தம்முடையது என்று ஹூக் உரிமை கொண்டாடினார். அவர் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது. நேர்கோட்டு ஓட்டமும் மையத்தை நோக்கிய ஈர்ப்பும் சேர்ந்தே கிரகத்தின் பாதை அமைகிறது என்ற கருத்தை, 1679-இல் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில் கொடுத்தவர் அவரே. ஆனால் கருத்து வேறு, நிரூபணம் வேறு. சினங்கொண்ட நியூட்டன் நூலின் மூன்றாம் பகுதியையே நிறுத்திவிடுவதாக எழுதினார். ஹாலி இதமாகப் பேசி அவரை ஆற்றினார். அந்தப் பொறுமை இல்லாவிடின், விண்ணையும் மண்ணையும் இணைக்கும் பகுதியே நமக்குக் கிடைத்திராது.

தமக்கென ஹாலி ஒரு சிறு பங்கை எடுத்துக்கொண்டார். 1682-இல் தாம் கண்ட வால்நட்சத்திரமும், 1531, 1607 ஆகிய ஆண்டுகளில் தோன்றியனவும் ஒன்றே என்றும், நியூட்டனின் விதிப்படி அது 1758-இல் மீண்டும் வரும் என்றும் 1705-இல் எழுதினார். அன்று அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதைத் தாம் காணப்போவதில்லை என்று அவர் அறிந்தே எழுதினார். 1742-இல் காலமானார். 1758 டிசம்பர் 25 இரவு, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே, பாலிச் என்ற வேளாளர் அந்த வால்நட்சத்திரத்தைத் தம் தொலைநோக்காடியில் கண்டார். மன்னர்களுக்குக் கேடு சூழும் என்று அஞ்சப்பட்ட ஒரு தோற்றம், குறித்த காலத்தில் வந்துசேரும் விருந்தினர் ஆயிற்று. 1986-இல் அது வந்துபோனது. மீண்டும் 2061-இல் வரும்.

இனி ‘புலம்’ என்ற சொல்லுக்கு வருவோம். சூரியன் எங்கோ இருக்க, இடையில் ஒன்றுமில்லாமல் அது பூமியை எவ்வாறு பற்றி இழுக்கிறது என்ற ஐயம் நியூட்டனுக்கே இருந்தது. ஒப்புக்கொள்ளத் தகாத கருத்து அது என்று 1693-இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காந்தத்தையும் மின்சாரத்தையும் ஆராய்ந்த மைக்கேல் பாரடே ஒரு புதிய வழியைக் காட்டினார். பொருளை மட்டும் பாராமல் அதைச் சூழ்ந்த வெளியையும் பாருங்கள் என்றார். பூமியைச் சூழ்ந்த வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும், அங்கே ஒரு பொருளை வைத்தால் அது எத்திசையில், எவ்வளவு விரைவாக விழத் தொடங்கும் என்பது முன்னமே அமைந்திருக்கிறது. அந்த அமைப்பே ஈர்ப்புப் புலம். தமிழில் புலம் என்பது வயலையும் குறிக்கும், திசையையும் குறிக்கும். விளைவும் திசையும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கக் கண்டு மொழிபெயர்ப்பாளர் நெஞ்சு சற்றுப் பூரிப்பது இயல்பே.

இந்த வயல் எங்கும் ஒரே சமனாக இல்லை. அதைக் காட்டிய சான்றுகளுள் ஒன்று நம் நாட்டில் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவை அளந்த நில அளவைத் துறையினர், வடக்கே கலியானாவுக்கும் மத்திய இந்தியாவில் கலியான்பூருக்கும் உள்ள இடைவெளியை இரு வழிகளில் கண்டார்கள். தரையை அளந்தபோது ஒரு விடை. விண்மீன்களைக் கொண்டு கணித்தபோது மற்றொரு விடை. வேறுபாடு 5.24 விகலை, தரையில் ஏறத்தாழ 160 மீட்டர். இமயமலை தூக்குநூற்குண்டைத் தன் பக்கம் இழுத்ததே காரணம் என்று எண்ணிக் கல்கத்தாவிலிருந்த பாதிரியார் பிராட் கணக்கிட்டார். மலையின் பருமனுக்கு ஏறக்குறைய 16 விகலை வேறுபாடு வந்திருக்க வேண்டும் என்று 1855-இல் அவர் கண்டார். மலை இழுத்ததோ மூன்றில் ஒரு பங்கே! நீரில் மிதக்கும் மரக்கட்டையைப்போல, மலைகளுக்கும் கீழே இலேசான வேர்ப்பகுதி ஆழ்ந்திருக்கிறது என்று அதே ஆண்டில் ஜார்ஜ் ஏய்ரி விளக்கம் தந்தார். ஒரு நூற்குண்டின் சாய்வு, மலையின் வேரைக் காட்டிக்கொடுத்தது.

இக்காலத்தில் அந்த நூற்குண்டின் வேலையைச் செயற்கைக் கோள்கள் செய்கின்றன. 2002-இல் ஏவப்பட்ட இரட்டைக் கோள்கள், ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றின. முன்செல்லும் கோள் ஈர்ப்பு மிகுந்த இடத்தை அணுகும்போது சற்று விரையும், இடைவெளி மாறும். அந்த மாறுதலை நுட்பமாக அளந்து, புலத்தின் ஏற்றத்தாழ்வைக் கணித்தார்கள். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதிகளில் ஆண்டுதோறும் ஈர்ப்பு சிறிது சிறிதாகக் குறைந்து வந்ததை அக்கணிப்புக்கள் காட்டின. குறைந்தது நிலத்தடி நீர். பம்புகள் இறைத்த நீரின் கனத்தை, வானத்தில் விழுந்துகொண்டிருந்த இரண்டு கோள்கள் எடைபோட்டுச் சொல்லிவிட்டன! ஆப்பிளில் தொடங்கிய கணக்கு உழவனின் கிணற்றில் வந்து நிற்கிறது.

இனி, ஆசிரியர் விடுத்த கேள்விக்கு விடை கூறலாம். விண்வெளி நிலையம் சுற்றுவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ஆகவே அங்கே ஈர்ப்பு, தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, 60 கிலோ எடையுள்ளவர் அதன் உச்சியில் தராசின்மேல் நின்றால் 53 கிலோ காட்டும். வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாமையால் அன்று. நிலையமும் அவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால். கூடவே விழும் தரை காலைத் தாங்குவதில்லை. ஆகவே கனம் தோன்றுவதில்லை. மலையுச்சியில் பீரங்கி வைத்துச் சுடுவதாக நியூட்டன் கற்பனை செய்து எழுதிய விளக்கமும் இதுவே. காற்றின் தடையில்லாமல், விநாடிக்கு ஏறத்தாழ 7.9 கிலோமீட்டர் வேகத்தில் குண்டு செல்லுமாயின், ஒரு விநாடியில் அது 4.9 மீட்டர் விழும், அந்த 7.9 கிலோமீட்டரில் பூமியின் பரப்பும் 4.9 மீட்டர் வளைந்துவிடும். குண்டு தரையை எட்டுவதே இல்லை. 1957 அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்புட்னிக் அக்கற்பனையை மெய்யாக்கிற்று.

கெப்ளரின் விதியை நினைவில் வைக்குமாறு வேண்டினோம். அதைக் கொண்டு நேயர்களே ஒரு கணக்குப் போடலாம். நிலவு பூமியை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகிறது. நிலவின் தொலைவில் ஒன்பதில் ஒரு பங்கு தொலைவிலே ஒரு கோளை ஓடவிட்டால் எவ்வளவு காலமாகும்? ஒன்பதை மும்முறை பெருக்கினால் 729. அதன் வர்க்கமூலம் 27. ஆகவே 27 நாளில் இருபத்தேழில் ஒரு பங்கு, அதாவது ஒரே நாள். பூமியும் ஒரு நாளில் தன்னைத்தான் சுற்றிக்கொள்கிறது. எனவே பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, அத்தொலைவில் ஓடும் கோள் வானத்தில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். தரையிலிருந்து அது ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம். வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நிலையத்துக்கு நிலையம் கொண்டுசெல்லும் கோள்கள் நிற்பது அங்கேதான்.

அந்த உயரத்தில் நம் நாடு சோதனையாக நிறுத்திய முதல் செய்தித் தொடர்புக் கோள் 1981 ஜூன் 19-ஆம் நாள் ஏவப்பட்டது. அலைவாங்கிச் சோதனைக்காக, இரும்புக் கலப்பில்லாத வண்டி வேண்டுமென்று, அதை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்தியிருந்த படத்தை நேயர்கள் பலர் பார்த்திருக்கலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு இட்ட பெயர் ‘ஆப்பிள்’. நியூட்டனின் தோட்டத்து ஆப்பிள் ஒருமுறை விழுந்தது. இந்த ஆப்பிள் விழுந்துகொண்டே நின்றது.

நம் பிழையைத் திருத்தி அந்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினோம். ‘ஈர்ப்பு எட்டாத உயரத்திலே’ என்பதை அடித்து, ‘ஓயாது விழும் நிலையிலே’ என்று மாற்றினோம். எட்டு கலையைப் பொருட்படுத்திய கெப்ளரின் நேர்மைக்கு முன், ஒரு சொல்லைத் திருத்துவது பெரிய காரியமன்று. எனினும் பிழையான ஒரு சொல் அச்சேறினால், அதைப் படிக்கும் மாணவன் பிழையான ஒரு வானத்தையே கற்றுக்கொள்வான். இன்றிரவு நிலவு எழும்போது நேயர்கள் அதை ஒரு நிமிடம் உற்று நோக்குவார்களாக. அந்த ஒரு நிமிடத்தில் அது நம்மை நோக்கி 4.9 மீட்டர் விழுந்திருக்கும். விழுந்தும் நம்மை விட்டு அகலாமல், அணுகாமல், தன் வழியே சென்றுகொண்டிருக்கும்.